பரணில் கிடக்கும் தட்டுகள்

பழைய பாட்டு ரெக்கார்டு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் கடை முகவரி சொல்வதில்லை. உங்கள் ஊரில் முன்பு மைக் செட் வைத்திருந்தது யார் என்று விசாரியுங்கள். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டவர்கள் அவர்கள்தான். கேசட் வந்ததும் தட்டுப் பெட்டியைப் பரணில் ஏற்றினார்கள். பல வீடுகளில் அது இன்னும் இறங்கவில்லை.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில், "பழைய தட்டா தம்பி? மேல கெடக்கு, எலி கடிச்சிருக்கும். ஏறிப் பாத்துக்கோ" என்றார் ஆச்சி. ஏணி அவர் பிடித்துக்கொண்டார். தகரப் பெட்டிக்குள் எழுபதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொரு உறையிலும் அவர் வீட்டுக்காரர் ஒலிபெருக்கி நிலையத்தின் ஊதா முத்திரை. முத்திரை இருந்தால் மதிப்புக் குறைவு என்பார்கள் சேகரிப்பாளர்கள். எனக்கு அது இருந்தால்தான் கூடுதல் பிரியம்.

ஆனால் பிரியத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. மைக் செட் தட்டுகள் உழைத்துக் களைத்தவை. தட்டை வெளியே எடுத்து, விளிம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டியூப் லைட் போதாது, எல்லாத் தட்டும் அதில் புதுசாகத்தான் தெரியும். கறுப்பு பளபளவென்றிருந்தால் நல்லது. சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் பாட்டு பதிந்த வரிகளைக் கனமான ஊசி தேய்த்துவிட்டது என்று அர்த்தம், எந்தக் கழுவலும் அதைத் திருப்பித் தராது. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு இருக்கும் பக்கத்தைக் குறிப்பாகப் பாருங்கள். எந்த விசேஷமானாலும் முதலில் போட்டது அதுதானே. அடுத்த பக்கம் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

கீறல் தெரிந்தால் நகத்தைக் குறுக்கே லேசாக ஓட்டுங்கள். நகம் தட்டவில்லையென்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். தட்டினால், நிமிடத்துக்கு 33⅓ சுற்றும் எல்பியில் (லாங் பிளே தட்டில்) 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டிக்' கேட்கும். அது ஆலாபனைக்கு நடுவில் விழுந்தால் தாங்காது, குத்துப்பாட்டில் விழுந்தால் தாளத்தோடு போய்விடும். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், பிளேயரின் நடுக் கம்பியைத் தேடித் தேடிப் பலமுறை மாட்டியிருக்கிறார்கள். பிறகு கண் மட்டத்துக்குத் தூக்கி, கிடைமட்டமாகப் பார்த்து வளைவு பாருங்கள். உறைக்கும் உள்ளே இருப்பதற்கும் பொருத்தம் பார்க்க மறக்காதீர்கள். இளையராஜா படம் போட்ட எக்கோ கம்பெனி உறை ஒன்றை ஆசையாக 300 ரூபாய் கொடுத்து வாங்கி வந்து வீட்டில் திறந்தால், உள்ளே ஆங்கிலம் கற்பிக்கும் தட்டு. நான்தான் பார்க்கவில்லை, யாரைச் சொல்ல?

78 சுற்றுத் தட்டு தனி ஜாதி. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். அது எல்பி மாதிரி வினைல் பிளாஸ்டிக் இல்லை, அரக்குக் கலவை. வரியும் எல்பியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம் என்பதால் எல்பி ஊசி அதற்கு ஆகாது, தனி ஊசி வேண்டும். குழாய் வைத்த கிராமபோனில் எல்பியைப் போட்டால் ஒரே ஓட்டத்தில் வரி பாழ். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் பார்க்கப் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: பித்தளைக் குழாய் மினுக்கும் கிராமபோன்களில் பல நேற்றுச் செய்தவை. தட்டுக்குத்தான் அங்கே பேரம் பேசலாம்.

வாங்கியதை நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள், அடுக்கிப் படுக்க வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன் ஒருநாள். திரும்பி வந்தபோது நான்கு எல்பியும் பொரித்த அப்பளம்.

கழுவ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் (ஆசிட் அல்ல) பாத்திர சோப்பு இரண்டே சொட்டு. பழைய வேட்டித் துணியை நனைத்து, வரியின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், லேபிள் நனையாமல். பிறகு சுத்தத் தண்ணீரில் ஒருமுறை துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். ஸ்பிரிட் போட்டால் பளிச்சென்று வருமே என்று ஒரு 78-ஐத் துடைத்தேன். துணியில் கறுப்பாக வந்தது அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது பிறகுதான் தெரிந்தது. துணியில் வந்தது பாட்டு!

விலை பற்றி ஒரு வார்த்தை. பரணிலிருந்து இறக்குகிறவர்களிடம் காயலான் கடை விலை பேசாதீர்கள். அது அவர்கள் தொழில் செய்த பொருள். 1963-இல் வந்த எம்.எஸ். சுப்ரபாத எல்பி மாதிரி ஏராளமாக விற்றவற்றுக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். கதை வசனத் தட்டுகளும் உள்ளூர் நாதஸ்வரக்காரர்கள் வாசித்தவையும் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். நான் பேரத்துக்கு முன்பே நல்லதையும் தேய்ந்ததையும் பிரித்து வைத்து, தேய்ந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்து ஓடவிட்டதும், அந்த வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். மைக் செட்டுக்காரர்களுக்கு மற்ற மைக் செட்டுக்காரர்களின் சங்கதி எல்லாம் தெரியும். கோவில்பட்டி ஆச்சி போனில் பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எட்டயபுரத்துல எங்க வீட்டுக்காரருக்குப் போட்டியா ஒருத்தர் செட் வச்சிருந்தாரு. அவங்க வீட்டுல ரெண்டு பெட்டி கெடக்கு. நான் சொன்னேன்னு சொல்லாத."

இந்த ஞாயிறு பஸ் ஏறுகிறேன்.