பாங்காக் சட்டுசாக் சந்தை: குடும்பத்தோடு தொலையாமல் சுற்றுவது எப்படி?

முதல் தடவை சட்டுசாக் போனபோது, ஆறு பேரும் கடைசிவரை ஒன்றாகவே சுற்றுவது என்று பிடிவாதமாக இருந்தோம். ஒருவர் நிற்க, ஒருவர் முன்னே போக, இரண்டே மணி நேரத்தில் ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டோம். அடுத்த தடவை செய்தது இது.

படி 1: சீக்கிரம் போங்கள்

சந்தை முழுதாக நடப்பது சனி, ஞாயிறில்தான். புதன், வியாழனில் போனால் செடிகொடிகளைப் பார்த்துவிட்டு வரலாம். காலை பத்து மணிக்குள் உள்ளே இருங்கள். மதியம் கூரைக்குக் கீழே அவிந்துவிடும். ஸ்கைட்ரெயினில் (தூண்கள் மேல் ஓடும் ரயில்) வந்தால் மோ சிட் நிலையத்தில் இறங்கலாம். பெரியவர்கள் கூட இருந்தால் மெட்ரோதான் வசதி: கம்பெங் பெட் நிலையத்தின் 2ஆம் வாசல் வழியாக மேலே வந்தால் சந்தையிலேயே நிற்பீர்கள்.

படி 2: மணிக்கூண்டைக் காட்டிவிட்டுப் பிரியுங்கள்

சந்தையின் நடுவில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. எல்லோரையும் முதலில் அங்கே கூட்டிப்போய், "பன்னிரண்டு மணிக்கு இங்கே" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் இரண்டிரண்டு பேராகப் பிரியலாம். செருப்புக் கடையில் ஒரு மணி நேரம் நிற்பவரையும் பீங்கான் கிண்ணம் தேடுபவரையும் ஒரே கயிற்றில் கட்ட முடியாது.

படி 3: பிடித்தால் அப்போதே வாங்குங்கள்

மொத்தம் 27 பகுதிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சந்து சந்தாகப் போகும். "ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து வாங்கிக்கலாம்" என்ற நம்மூர்ப் பழக்கம் இங்கே எடுபடாது. யானைப் படம் போட்ட பேன்ட் ஒன்றை என் மாமியார் அப்படித்தான் விட்டுவிட்டு வந்தார். முக்கால் மணி நேரம் தேடியும் அந்தக் கடை கிடைக்கவில்லை. யோசிக்கத்தான் வேண்டும் என்றால், பகுதி எண்ணும் சந்து எண்ணும் இருக்கும் பலகையை போட்டோ எடுத்து வையுங்கள்.

தாய்லாந்து மொழியில் "தாவ் ரை?" என்றால் என்ன விலை. "லொட் தாய் மை?" என்றால் குறைக்க முடியுமா. முடிவில் ஆண்கள் "க்ராப்", பெண்கள் "கா" சேர்த்தால் மரியாதை. கடைக்காரர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவார். எடுத்ததும் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். மூன்று நான்காக எடுத்தால் அவர்களே இறங்கி வருவார்கள். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள்.

படி 4: பசிக்கு முன்னால் சாப்பிடுங்கள்

சைவக்காரர்களுக்குச் சிக்கல் இங்கேதான். கறி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மீன் சாறு எதிலும் இருக்கும். "மை சை நாம் ப்ளா" என்றால் மீன் சாறு வேண்டாம். அதைவிட எளிது, மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று தாய்லாந்து மொழியில் எழுதிய கடை. அங்கே கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது.

வெயிலுக்கு ஒரு இளநீர் ஐஸ்கிரீம் வாங்குங்கள். தேங்காய்ச் சிரட்டையில் வழுக்கையை வழித்துவிட்டு, மேலே ஐஸ்கிரீம் உருண்டைகள், வறுத்த வேர்க்கடலை, ஒட்டும் அரிசிச் சோறு. சோறா என்று முகம் சுளித்த என் மகன்தான் இரண்டாவது சிரட்டை கேட்டான்.

பழங்களுக்குச் சாலையைக் கடந்து ஓர் டோர் கோர் சந்தை. விலை கொஞ்சம் கூட, ஆனால் மாம்பழத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது. துரியனை அங்கேயே தின்றுவிடுங்கள், ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள்.

படி 5: சாயங்காலம் குளிருக்குள்

மோ சிட்டிலிருந்து ஸ்கைட்ரெயினில் அசோக் நிலையம் போனால் டெர்மினல் 21 மால். ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட் (தாய்லாந்துப் பணம்) அளவுக்கு வாங்கினால், வரி திரும்பத் தரும் கடையா என்று கேட்டுப் படிவம் வாங்குங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். சுங்க முத்திரை தேவையா என்று விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே பியர் 21 உணவுக்கூடத்தில் முதலில் பணம் போட்டு ஒரு கார்டு வாங்க வேண்டும், கடைக்குக் கடை அதைத்தான் நீட்ட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டு அலமாரியில் 85 பாட் பணத்தோடு ஒரு கார்டு இன்னும் கிடக்கிறது.