ஜெய்சல்மர் போறீங்களா? ஸ்வெட்டரை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்

டிசம்பர், ஜனவரியில் ராஜஸ்தான் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு இது. மதியம் 24, 25 டிகிரி வெயிலில் அரைக்கைச் சட்டையோடு கிளம்பி, 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள சாம் மணல்மேட்டில் சூரிய அஸ்தமனம் பார்ப்பார்கள். பொழுது சாய்ந்ததும் பல் கிட்டிக்கும். விடியற்காலையில் 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடும்.

காரணம், காற்றில் ஈரம் இல்லாததுதான். ராத்திரியில் தரை வெளிவிடும் வெப்பத்தை நீராவியும் மேகமும் உறிஞ்சி, அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். சென்னையில் ராத்திரியும் புழுங்குகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. பாலைவனத்தில் அந்தப் போர்வை கிடையாது. வெப்பம் நேரே வானத்துக்குப் போய்விடுகிறது.

மணலும் ஒரு காரணம். மணிகளுக்கு நடுவே காற்று இருப்பதால் சூடு ஆழமாக இறங்காது. மேலே சில அங்குலம் மட்டும் கொதிக்கும், அதே வேகத்தில் ஆறியும் போகும். மதியம் கால் பொசுக்கும் இடத்தில் முழங்கை ஆழம் தோண்டிக் கைவிட்டுப் பாருங்கள், உள்ளே இதமாக இருக்கும். இருட்டியபின் தோண்டினால் தலைகீழ்: மேலே சில்லென்று, உள்ளே வெதுவெதுப்பாக.

ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, சாக்ஸ் மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும். உதடு வெடிக்கும், கொஞ்சம் வாஸ்லினும். பகலில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு வியர்த்தது என்றே தெரியாது. தண்ணீரை அவ்வப்போது குடித்துக்கொண்டே இருங்கள்.