அரபு, முஸ்லிம் நாடுகளின் அரசியலைப் படிக்கும் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

அரசியல் அறிவியலில் மேற்கு ஆசியத் தாளையோ, முஸ்லிம் நாடுகளின் அரசாங்கங்கள் பற்றிய தாளையோ எடுக்கும் மாணவர்கள் பலர் முதல் வகுப்புக்கே ஒரு விடையோடு வந்து உட்காருகிறார்கள். "அங்கே எல்லாம் மதம்தான்" என்பது அந்த விடை. அதற்குச் சான்று திரட்டுவதிலேயே பருவம் முழுவதும் போய்விடுகிறது. அப்படி எழுதிய கட்டுரையில் எகிப்து என்ற பெயரை எடுத்துவிட்டு ஜோர்டான் என்று போட்டாலும் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. அந்தக் கட்டுரை எந்த நாட்டையும் பார்த்து எழுதப்படவில்லை என்று அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த நாட்டில் யார் யாரை நியமிக்கிறார்கள்? அரசுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ராணுவம் யார் பேச்சைக் கேட்கிறது? இந்த மூன்றுக்கும் விடை தேடிய பிறகு மதத்துக்கு வாருங்கள். அது எங்கே, எவ்வளவு வேலை செய்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

2011ஐ எடுத்துக்கொள்வோம். 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் என்ற ஊரில் முகமது புவாசிசி என்ற தெரு வியாபாரி தீக்குளித்தார். அதில் தொடங்கிய கொந்தளிப்பில் துனிசிய அதிபர் பென் அலி 2011 ஜனவரி 14 அன்று நாட்டைவிட்டே ஓடினார். பிப்ரவரி 11 அன்று எகிப்து அதிபர் முபாரக் பதவி இழந்தார். இரண்டும் சுன்னி முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அரபு நாடுகள். அடுத்து நடந்த தேர்தல்களில் இரண்டிலும் இஸ்லாமியக் கட்சிகளே முந்தின: எகிப்தில் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் கட்சி, துனிசியாவில் அந்நஹ்தா. 2013இல் இரண்டு அரசுகளும் கடும் நெருக்கடியில் சிக்கின. எகிப்தில் ஜூலை 3 அன்று ராணுவம் சகோதரத்துவ இயக்கத்தைச் சேர்ந்த அதிபர் முர்சியை அகற்றியது. துனிசியாவில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, முதலாளிகள் சங்கம், வழக்கறிஞர் சங்கம், மனித உரிமைக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து கட்சிகளைப் பேச்சுக்கு உட்கார வைத்தன. அந்நஹ்தா ஆட்சியிலிருந்து இறங்கியது. 2014 ஜனவரியில் புதிய அரசியல் சாசனம் நிறைவேறியது. அந்த நால்வர் அணிக்கு 2015இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மதமும் ஒன்று, காலமும் ஒன்று. பிறகு ஏன் இவ்வளவு வேறுபாடு? எகிப்தில் 1952 முதல் ஆட்சிக்கு அச்சாணி ராணுவம்தான். தொழிற்சாலை, கட்டுமானம் என்று சொந்தத் தொழில்களும் அதனிடம் உண்டு, காக்க வேண்டிய சொத்து ஏராளம். துனிசிய ராணுவம் சிறியது. முதல் அதிபர் பூர்கிபா காலத்திலிருந்தே அரசியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அங்கே 1946இல் தோன்றிய தொழிற்சங்கக் கூட்டமைப்போ விடுதலைப் போராட்டத்தில் பங்கெடுத்து, நாடு முழுக்க வேர்விட்டிருந்தது. எகிப்தில் தொழிற்சங்கங்களைப் பல பத்தாண்டுகளாக அரசே கைக்குள் வைத்திருந்ததால், நெருக்கடி வந்தபோது நடுவே நின்று பேச ஆள் இல்லை. "இஸ்லாம் ஜனநாயகத்துக்கு ஒத்துவருமா?" என்ற கேள்வியோடு உட்காருபவருக்கு இதில் எதுவுமே கண்ணில் படாது.

இஸ்லாமியக் கட்சிகளை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டுவது அடுத்த சறுக்கல். முர்சி அகற்றப்பட்டபோது எகிப்தின் சலஃபி கட்சியான (தொடக்ககால இஸ்லாமிய முறைக்கே திரும்ப வேண்டும் என்பவர்களின் கட்சி) நூர், ராணுவத்தின் பக்கம் நின்றது. மதச் சட்டத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சவுதி அரசு, புதிய ராணுவ ஆட்சிக்குப் பணம் கொடுத்தது. சகோதரத்துவ இயக்கத்தை ஆதரித்த கத்தாரும் ஒரு மன்னராட்சிதான். மொராக்கோவில் 2020 டிசம்பரில் இஸ்ரேலோடு உறவு தொடங்கும் ஆவணத்தில் கையெழுத்திட்ட பிரதமரே ஓர் இஸ்லாமியக் கட்சியின் தலைவர். முடிவெடுத்தவர் மன்னர். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அந்தக் கட்சி 125 இடங்களிலிருந்து 13க்கு விழுந்தது. கட்சியின் கொள்கை அறிக்கையை மட்டும் படித்தவருக்கு இந்த வீழ்ச்சி புரியாது. மொராக்கோவில் பிரதமருக்கு எது வரை அதிகாரம், அரண்மனைக்கு எது வரை என்று படித்தவருக்குப் புரியும்.

எல்லா மோதலுக்கும் இஸ்லாத்தின் இரு பெரும் பிரிவுகளின் பகையே காரணம் என்னும் ஷியா–சுன்னி விளக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொலைக்காட்சி விவாதங்களில் இதுதான் அதிகம் புரளுகிறது. "1,400 ஆண்டுப் பகை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்–ஈராக் போரைப் பாருங்கள். ஈராக் படையில் சாதாரணச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஷியாக்கள், எட்டு ஆண்டுகள் ஷியா ஈரானுக்கு எதிராகவே போரிட்டார்கள். அரபு தேசியம் பேசிய சிரியாவின் பாத் கட்சி ஆட்சி, ஈராக்கில் ஆண்ட இன்னொரு பாத் கட்சி ஆட்சிக்கு எதிராக ஈரான் பக்கம் சாய்ந்தது. ஷியாக்கள் பெரும்பான்மையாக உள்ள அஜர்பைஜானைவிடக் கிறிஸ்தவ ஆர்மீனியாவோடு ஈரான் நெருக்கமாக இருந்த காலம் உண்டு. ஷியா மார்க்க அறிஞர்களே ஒரே குரலில் பேசுவதில்லை. மார்க்க அறிஞரே நாட்டை ஆள வேண்டும் என்ற, ஈரானின் 1979 புரட்சித் தலைவர் கோமெய்னியின் கோட்பாட்டை ஈராக்கின் நஜஃப் நகரில் இருக்கும் மூத்த ஷியா அறிஞர் ஆயத்துல்லா சிஸ்தானி அந்த வடிவில் ஏற்றுக்கொள்ளவில்லை.

அப்படியானால் மதப்பிரிவு அரசியலில் வேலையே செய்வதில்லையா? நிச்சயம் செய்கிறது. எந்த வழியாகச் செய்கிறது என்பதுதான் படிக்க வேண்டியது. லெபனானில் 1943இன் எழுதப்படாத உடன்பாட்டின்படி அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. இடப் பங்கீட்டுக்கு ஆதாரமாக இருந்த மக்கள்தொகைக் கணக்கு 1932இல் எடுத்தது, அதற்குப் பிறகு அங்கே அப்படி ஒரு கணக்கெடுப்பே நடக்கவில்லை. உள்நாட்டுப் போரை முடிக்க 1989இல் செய்த தாயிஃப் உடன்படிக்கைக்குப் பிறகு நாடாளுமன்ற இடங்கள் கிறிஸ்தவருக்குப் பாதி, முஸ்லிம்களுக்குப் பாதி. பதவியும் வேலையும் பிரிவு வாரியாகக் கிடைக்கும்போது, பிரிவுத் தலைவரின் வாசலில் போய் நிற்பதுதான் குடிமகனுக்கு லாபம். 2003இல் அமெரிக்கப் படையெடுப்புக்குப் பின் ஈராக்கில் அமைத்த ஆட்சி மன்றத்தின் 25 பேரும் இப்படித்தான் பிரித்து எடுக்கப்பட்டார்கள்: ஷியா 13, சுன்னி அரபு 5, குர்து 5, துர்க்மென் 1, அசீரியக் கிறிஸ்தவர் 1. பழைய பகை என்று நாம் நினைக்கும் பலவற்றுக்கு இப்படி அண்மைக்காலத்து அலுவலக முகவரி ஒன்று இருக்கிறது.

ஈரானைப் பற்றி எழுதுகிறவர்கள் "முல்லாக்களின் ஆட்சி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அதன் சாசனத்தை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள். பாதுகாவலர் மன்றத்தில் 12 பேர். மார்க்கச் சட்ட அறிஞர்கள் 6 பேரை உச்சத் தலைவர் நியமிக்கிறார். மற்ற 6 சட்ட வல்லுநர்களை நீதித்துறைத் தலைவரின் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. அந்த நீதித்துறைத் தலைவரை நியமிப்பவரும் உச்சத் தலைவரே. தேர்தலில் யார் நிற்கலாம் என்பதை இந்த மன்றம் முடிவு செய்கிறது. உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நிபுணர் பேரவைக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள், ஆனால் அதன் வேட்பாளர்களையும் வடிகட்டுவது இதே மன்றம்தான். இந்த வட்டத்தை ஒரு தாளில் வரைந்து பார்த்தால், தேர்தல் உண்மையா பொய்யா என்ற சண்டைக்கே தேவை இருக்காது. எந்த எல்லைக்குள் அது உண்மை என்பது தெரிந்துவிடும்.

ஷரீஅத் என்னும் இஸ்லாமிய மார்க்கச் சட்டம் பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். எகிப்துச் சாசனத்தின் 2ஆம் பிரிவு, 1980 திருத்தத்துக்குப் பிறகு, ஷரீஅத்தின் கோட்பாடுகளே சட்டத்துக்கு முதன்மை ஆதாரம் என்கிறது. ஆனால் வாங்கல், விற்றல், ஒப்பந்தம் எல்லாம் பிரெஞ்சுச் சட்டத்தின் சாயல் கொண்ட, 1949இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத்தின்படியே நடக்கின்றன. மார்க்கச் சட்டம் அழுத்தமாக நிற்பது திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை ஆகியவற்றில். துனிசியா 1956லேயே பலதார மணத்தைத் தடை செய்தது. சவுதியின் 1992 அடிப்படைச் சட்டமோ குர்ஆனையும் நபிவழியையும்தான் நாட்டின் சாசனம் என்கிறது.

தமிழ் மாணவர்களுக்கு என்றே ஒரு சறுக்கல் இருக்கிறது. நம் வீடுகளில் யாராவது ஒருவர் துபாயிலோ தோஹாவிலோ வேலை பார்த்திருப்பார், அதனால் அரபு நாடு என்றதும் வளைகுடாதான் மனதில் வருகிறது. அமீரகத்தில் வாழ்பவர்களில் குடிமக்கள் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல்தான். எண்ணெய்ப் பணத்தைப் பங்கிடும் உரிமையாகவே குடியுரிமை மாறிப்போன அந்த ஏற்பாட்டை வைத்து, பத்துக் கோடிக்கும் மேல் மக்கள் உள்ள, ரொட்டி மானியத்தைத் தொட்டால் தெருவே கொதிக்கும் எகிப்தை அளக்க முடியாது. அரபு லீகில் 22 நாடுகள், இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் 57. துருக்கியும் ஈரானும் பாகிஸ்தானும் அரபு நாடுகள் அல்ல. இந்தோனேசியா 2004 முதல் தன் அதிபரை நேரடித் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறது. அதை விட்டுவிட்டு "முஸ்லிம் உலகில் ஜனநாயகம்" என்று தலைப்பிடுவது நியாயமில்லை.

மன்னர் என்றால் பழமை, நாடாளுமன்றம் என்றால் முன்னேற்றம் என்றும் கணக்குப் போடாதீர்கள். குவைத்தில் பெண்களுக்கு வாக்குரிமை தரும் ஆணையை 1999இல் பிறப்பித்தவர் அமீர். அதை நிராகரித்தது தேர்தலில் வென்று வந்த நாடாளுமன்றம். 2005இல்தான் அது நிறைவேறியது.

எல்லாப் பழியையும் வெளியார் மேல் போடுவதும் ஒரு சோம்பல்தான். 1953இல் ஈரான் பிரதமர் மொசாதெக்கின் ஆட்சியை அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் கவிழ்த்தது உண்மை. அதை எழுதத்தான் வேண்டும். முன்பு அவருக்குத் துணை நின்ற மதத் தலைவர் ஆயத்துல்லா காஷானி மொசாதெக்கை விட்டு விலகியதையும் சேர்த்து எழுதினால்தான் ஈரானியர்களும் தங்கள் வரலாற்றில் இருப்பார்கள்.

கடைசியாக, பழைய நூலை நம்பி நிகழ்காலத்தில் எழுதாதீர்கள். துனிசியாவை வெற்றிக் கதையாகச் சொல்லும் நூல்கள் இன்னும் நூலக அடுக்குகளில் இருக்கின்றன. 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார், 2022இல் புதிய சாசனம் வந்தது. குவைத் அமீர் 2024 மே மாதம் நாடாளுமன்றத்தைக் கலைத்துச் சாசனத்தின் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்தது. நூலின் பதிப்பாண்டைப் பார்த்து, அது எந்தத் தேதி வரை பேசுகிறது என்று கட்டுரையிலேயே குறித்துவிடுங்கள். பருவக் கட்டுரைக்கு ஒற்றை நாட்டைவிட, ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு நாடுகளை எடுங்கள். மொராக்கோவும் ஜோர்டானும் நல்ல இணை: இரண்டு மன்னர்களும் நபியின் வழித்தோன்றல்கள் என்று உரிமை கோருபவர்கள், இரண்டிலும் பெரிய எண்ணெய் வளம் இல்லை, இரண்டிலும் கட்சிகளும் தேர்தலும் உண்டு. இரண்டு சாசனங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.