தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தைப் படிப்பது எப்படி?

முதலில் மடிப்பை மெல்லப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரு பக்கமும் படமெடுத்துவிடுங்கள். ஆராய்ச்சியெல்லாம் படத்தில்தான். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது, பிறகு உரிக்க முடியாது.

முதல் வரியிலிருந்து தொடங்கினால் அலுத்துவிடும். நேராக எல்லை சொல்லும் இடத்துக்குப் போங்கள். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்ற நான்கு சொற்கள் அங்கே இருந்தே தீரும். எழுதியவர் ழ, ற, ட, வ-வை எப்படிச் சுழிக்கிறார் என்பது அதிலேயே பிடிபடும். அந்த வடிவங்களைத் தனித்தாளில் வரைந்துகொண்டு மற்ற வரிகளுக்கு வாருங்கள். ஒன்று கவனம்: ‘இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு’ என்றால் அவர் நஞ்சை நம் நிலத்துக்கு மேற்கே இருக்கிறது. பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இங்கேதான்.

பழைய கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வராது. துணைக்காலும் (ா) ‘ர’வும் ஒன்றுபோலவே இருக்கும். ‘வநதரன’ என்று தெரிவது ‘வந்தான்’. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இராது. ணை, லை, ளை, னை ஆகியவற்றில் முன்னால் தும்பிக்கை போல ஒரு வளைவு இருக்கும்; தமிழக அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் அது. ஷ போலத் தெரியும் ௸ என்பது ‘மேற்படி’.

தமிழ் எண்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. 1, 2, 4, 7, 8-ஐக் குறிக்கும் ௧, ௨, ௪, ௭, ௮ ஆகியவை க, உ, ச, எ, அ போலவே இருக்கும். ௱ என்பது நூறு, ௰ பத்து, ௫ ஐந்து; ௱௨௰௫ என்றால் 125. உச்சியில் தனியாக நிற்கும் ‘உ’ பிள்ளையார் சுழி, இரண்டு அல்ல.

ஆண்டு ‘தாது ௵’ (தாது வருடம்) என்று மட்டும் இருந்தால் 1876-ஆ, 1936-ஆ? அறுபது ஆண்டுக்கொருமுறை அதே பெயர் வரும். முத்திரைத்தாளைப் பாருங்கள்: விக்டோரியா தலை என்றால் முன்னது, ஜார்ஜ் மன்னர் என்றால் பின்னது.

தெரியாத எழுத்துக்கு ஊகம் வேண்டாம், கேள்விக்குறி போட்டு நகருங்கள். பதிவான பத்திரமென்றால் பின்பக்கம் ‘1 புத்தகம்’ என்று தொடங்கி தொகுதி, பக்கம், ஆவண எண் இருக்கும். அவற்றைக் காட்டி சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போடலாம். அந்தக் காலத்தில் பத்திரத்தை அங்கே புத்தகத்தில் கையால்தான் பெயர்த்தெழுதினார்கள். ஆகவே அதே வாசகம் இன்னொருவர் கையெழுத்தில் கிடைக்கும். இங்கே புரியாத எழுத்து அங்கே தெளிவாக இருக்கலாம்.