வினைலும் கம்பளமும்: கொடுக்கிற காசுக்கு நிற்கும் தரைவிரிப்பை வாங்குவது எப்படி?

மொசைக் கறுத்துப்போன பழைய வீட்டிலும், கட்டுநர் போட்டுக் கொடுத்த டைல்ஸின் நிறம் பிடிக்காத அடுக்ககத்திலும், தரையை உடைத்துப் புதிதாகப் போடும் செலவுக்கும் தூசிக்கும் அஞ்சுகிறவர்கள், பிவிசி பிளாஸ்டிக்காலான வினைல் விரிப்பையோ கம்பளத்தையோ தேடிப் போகிறார்கள். கடையில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி சதுர அடி என்ன விலை என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். மூன்று ஆண்டில் அச்சு தேய்ந்து வெளுத்துவிடும் விரிப்பு, அதைப்போல் இரண்டு மடங்கு விலை கொடுத்துப் பத்து ஆண்டு நடக்கிற விரிப்பைவிட உண்மையில் அதிகச் செலவு வைப்பது. அதைப் பிரித்தெடுத்து, பசையைச் சுரண்டி, மறுபடி ஆள் கூலி கொடுக்கும்போதுதான் அது தெரியவரும். கையில் உள்ள பணத்தை டிசைனுக்கு என்று ஒதுக்காமல், அடித்தரையைச் சீராக்குவதற்கும் மேலே இருக்கும் தேய்மானப் படலத்துக்கும் ஒதுக்குவதே என் உறுதியான பரிந்துரை.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் உங்கள் தரையைப் பாருங்கள். தரைத்தள வீடுகளில், குறிப்பாக ரெட் ஆக்ஸைடு தரையும் கடப்பைக் கல்லும் உள்ள பழைய கட்டடங்களில், மண்ணிலிருந்து ஈரம் மேலேறிக்கொண்டே இருக்கும். திறந்த தரையில் அது காற்றில் உலர்ந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. அதன்மேல் வினைலை ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பசையைப் பிடிவிடச் செய்து, ஓரங்களைத் தூக்கி, அடியில் கரும்பூஞ்சையை வளர்க்கும். இதைச் சோதிப்பது எளிது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவுள்ள தடித்த பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளி படிந்திருந்தாலோ, தரை அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ, ஈரத்தைத் தடுக்க வழி செய்யாமல் எந்த விரிப்பையும் ஒட்டக் கூடாது. அறையின் நடுவில் ஒன்று, வெளிச்சுவரை ஒட்டி ஒன்று, குளியலறைச் சுவரை ஒட்டி ஒன்று என்று வைத்துப் பார்ப்பது நல்லது. மழைக்காலத்தில் செய்தால் முடிவு இன்னும் நம்பத்தக்கதாக இருக்கும்.

அடுத்தது சமதளம். ஆறடி நீள அலுமினியப் பட்டையைத் தரையில் வைத்துப் பார்க்கும்போது அதற்கும் தரைக்கும் இடையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால், முதலில் சமன்படுத்தும் கலவை போட வேண்டும். டைல்ஸின்மேல் மெல்லிய வினைலை விரிக்கிறவர்கள் டைல்ஸ் இணைப்புக் கோடுகளை நிரப்பாமல் விட்டால், சில மாதங்களில் அந்தக் கோடுகள் விரிப்பின் மேற்பரப்பில் கட்டம் கட்டமாக எழும்பித் தெரியும். தட்டிப் பார்த்தால் டொக்கென்று ஒலிக்கும் டைல்ஸ்களை மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இனி வினைலின் வகை. சுருளாக வரும் விரிப்பு, பசை வைத்து ஒட்டும் 2 முதல் 3 மி.மீ. பலகைகள், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் 4 முதல் 6 மி.மீ. தடிமனுள்ள எஸ்பிசி பலகைகள் ஆகியவையே வீடுகளுக்குப் பெரும்பாலும் விற்கப்படுகின்றன. எஸ்பிசி என்பது சுண்ணாம்புக் கல் தூளையும் பிவிசியையும் சேர்த்து அழுத்திய கெட்டியான பலகை; பசை இல்லாமல், தரையோடு ஒட்டாமல் சும்மா கிடக்குமாறு போடலாம், வீடு மாறும்போது பிரித்தெடுத்துக்கொண்டும் போகலாம் என்பதால் வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது பொருந்தும். ஆனால் சுவரோரம் சுற்றிலும் கிட்டத்தட்ட 8 மி.மீ. இடைவெளி விட்டு, அதை ஓரப்பட்டையால் மறைக்க வேண்டும். விடாமல் போட்டால் வெயில் காலத்தில் விரிந்து நடுவில் மேடாக எழும்.

எந்த வகையானாலும் மொத்தத் தடிமனைச் சொல்லித்தான் கடைக்காரர் விற்பார். நீங்கள் கேட்க வேண்டியது வேர் லேயர் எனப்படும் மேல்படலத்தின் தடிமனை. அச்சிட்ட மரக்கோலத்தைக் காப்பாற்றுவது ஒளி ஊடுருவும் அந்தப் படலம் ஒன்றுதான். அது தேய்ந்த நாளில் விரிப்பின் ஆயுள் முடிந்துவிடுகிறது. மலிவான சுருள்களில் அது 0.1 மி.மீ. அளவிலேயே இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடும் நம் வீடுகளில் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 0.3 மி.மீ. தாராளமாகப் போதும், சக்கர நாற்காலி உருளும் வேலை அறைக்கும், நாய் வளர்க்கும் வீட்டுக்கும், டியூஷன் நடத்தும் கூடத்துக்கும் 0.5 மி.மீ. வாங்குங்கள். விவர அட்டையில் 12 மில் என்று அச்சிட்டிருந்தால் அது 0.3 மி.மீ.; 20 மில் என்றால் 0.5 மி.மீ. மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் வெட்டுவிளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மேலே கண்ணாடிபோல் ஒரு கோடு, அதற்கடியில் நூலிழை அளவில் அச்சு, அப்புறம் சாம்பல் நிற உட்பகுதி என்று தனித்தனியாகத் தெரியும். மேற்கோடு கண்ணுக்கே அகப்படாவிட்டால் அந்தச் சரக்கை விட்டுவிடலாம். சாவி முனையால் கீறியும், பஞ்சுபோன்ற அடிப்பகுதி இருந்தால் கட்டைவிரலால் அழுத்திக் குழி உடனே எழும்புகிறதா என்றும் சோதியுங்கள். மருத்துவமனைகளில் போடுகிற, மேலிருந்து கீழ்வரை ஒரே பொருளாலான 2 மி.மீ. விரிப்பு கோலமில்லாமல் வெறுமையாக இருந்தாலும், கீறலைத் தேய்த்து மெருகேற்றிவிட முடியும் என்பதால் சிக்கனம் பார்ப்பவர்கள் அதையும் விசாரிக்கலாம்.

அளவெடுப்பதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. சுருள்கள் பெரும்பாலும் 2 மீட்டர் அகலம், அதாவது ஏறத்தாழ ஆறரை அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 120 சதுர அடி. பன்னிரண்டடி நீளவாக்கில் விரித்தால், பத்தடி அகலத்தை மூட இரண்டு துண்டுகள் தேவை. வாங்க வேண்டியது சுமார் 157 சதுர அடி. அதே விரிப்பைப் பத்தடி வாக்கில் போட்டால், இரண்டு துண்டுகள் சேர்ந்து பதின்மூன்று அடியை மூடிவிடுவதால் சுமார் 131 சதுர அடியில் வேலை முடியும். ஓரம் வெட்ட ஒவ்வொரு துண்டிலும் சில அங்குலமும், கோலம் பொருந்த வேண்டிய டிசைன் என்றால் இன்னும் கொஞ்சமும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறையின் படத்தைத் தாளில் வரைந்துகொண்டு போய், எந்த வாக்கில் போடப்போகிறீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகே விலை பேசுங்கள். மூட்டு வாசலுக்கு நேராக வராமல் பார்த்துக்கொள்வதும் அப்போதே முடிவாக வேண்டியது.

கம்பளத்தைப் பொறுத்தவரை ஊரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டினால் தூசிப்பூச்சிகள் பெருகத் தொடங்கும். சென்னையிலும் கடலோர ஊர்களிலும் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவைத் தாண்டியே இருக்கிறது. அங்கே சுவர்முதல் சுவர்வரை கம்பளம் ஒட்டுவதை, ஆஸ்துமாவோ தும்மல் தொல்லையோ உள்ளவர் இருக்கும் வீட்டில் நிச்சயமாக, நான் பரிந்துரைக்க மாட்டேன். எடுத்து வெயிலில் உதறிப்போட முடிகிற தனி விரிப்பே போதும். அதற்குப் பவானி ஜமக்காளத்தைவிடப் பணத்துக்கு நிறைவான பொருளைக் கண்டுபிடிப்பது கடினம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தரையின் குளிர் காலில் ஏறும் என்பதால், அங்கே முழு அறைக் கம்பளத்துக்கு நியாயம் இருக்கிறது.

அப்படி வாங்கும்போது இழையைக் கேளுங்கள். நைலான் விலை கூடியது, ஆனால் மிதிபட்டுப் படிந்த இழை மீண்டும் நிமிரும். பாலிப்ரொப்பிலீன் மலிவானது, காபி கொட்டினாலும் கறை எளிதில் ஏறாது, ஆனால் நடைபாதையில் சீக்கிரம் படிந்துவிடும், கனமான சோபாவை இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே பளபளவென்று தடம் விழும். மாதிரியை இழைகள் வெளிப்பக்கம் வருமாறு மடக்கிப் பாருங்கள். வரிசைகளுக்கு இடையே பின்துணி பல்லிளித்தால் அது அடர்த்தி குறைந்த சரக்கு. பின்புறம் சணல் இருந்தால் ஈரத்தில் இற்றுப்போகும், செயற்கை இழை என்றால் தாங்கும். திருமண மண்டபங்களில் விரிக்கும் சிவப்புக் கம்பளம் நெய்யாமல் ஊசியால் குத்திச் செய்த மெல்லிய வகை. விலை ஈர்த்தாலும் அன்றாடப் புழக்கத்துக்கு அது உழைக்காது. கையால் முடிச்சிட்டது என்று சொல்லிக் கம்பளம் விற்றால், திருப்பிப் பாருங்கள்: முடிச்சிட்டதில் முன்பக்கக் கோலம் பின்பக்கமும் அப்படியே தெரியும், பின்னால் ரப்பர்ப் பசையும் துணியும் ஒட்டியிருந்தால் அது துப்பாக்கி போன்ற கருவியால் குத்தியது, விலையும் அதற்கேற்பக் குறைவாக இருக்க வேண்டும்.

பராமரிப்பில் சிலவற்றை வாங்குமுன்பே யோசிக்க வேண்டும். தண்ணீரை வாளியோடு ஊற்றிக் கழுவும் பழக்கமுள்ள வீட்டில் வினைலின் மூட்டு வழியே நீர் இறங்கும்; பிழிந்த துணியால் துடைக்க மனமிருந்தால் மட்டுமே வினைல் சரிவரும். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரைத் தரையில் வைப்பது, அரிவாள்மணையை நேரே போட்டு நறுக்குவது, ஊதுபத்தித் தணல் விழுவது ஆகிய மூன்றும் ஆறாத வடுவை விடும் என்பதால் சமையலறையிலும் பூசையறையிலும் டைல்ஸையே விட்டுவைக்கலாம். ரப்பர் அடி வைத்த மிதியடியை வினைல்மேல் போட்டால் மஞ்சளாகக் கறை பிடிக்கும், அது எதற்கும் போகாது. துணி அல்லது பருத்தி அடியுள்ள மிதியடியாகப் பாருங்கள்.

பில் போடும்போது ஜிஎஸ்டி, பசை, ஓரப்பட்டை, சமன்படுத்தும் வேலை, ஆள் கூலி ஆகியவை விலையில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சதுர அடி விலையைக் குறைத்துச் சொல்லி இவற்றில் ஈடுகட்டுவது நடக்கிறது. பலகையாக வாங்கினால் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே லாட் எண் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் லாட் மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிக் கட்டிலுக்கடியில் மட்டமாகக் கிடத்தி வையுங்கள். டிசைன்கள் சந்தையிலிருந்து மறைந்துகொண்டே இருப்பதால், நாலைந்து ஆண்டு கழித்து ஒரே ஒரு பலகை பழுதானாலும் அதற்குச் சோடி வெளியே கிடைக்காது.