ஐந்து மணிக்குப் பூட்டிய கொட்டகை

குடியை விட்ட 6 பேருடன் ஒரு பொதுத் தோட்டத்தைச் சீர்செய்து வந்தோம். எல்லோரும் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தியவர்கள்தான் (நெடுநாள் குடித்தவர் திடீரென்று தானாக விட்டால் வலிப்பு வரைக்கும் போகலாம், அதில் விளையாடக் கூடாது). சிக்கல் வேறு. பகலெல்லாம் உற்சாகமாக மண் வெட்டியவர் மறுநாள் வரமாட்டார். 3 வாரத்தில் 2 பேர் சறுக்கி மறுபடி குடித்துவிட்டார்கள்.

வேலை போதவில்லை போல என்று கூட்டிக் கொடுத்தேன். களைத்துப்போனதுதான் மிச்சம். அறிவுரைக் கூட்டம் வைத்தேன், தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

கடைசியில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஆள் வராத நாட்களுக்கு முந்தைய நாளெல்லாம் வேலை சீக்கிரம் முடிந்த நாள்! 5 மணிக்கே கொட்டகையைப் பூட்டியிருக்கிறோம். அவர்கள் வழக்கமாகக் குடிக்க உட்கார்ந்ததோ 6, 6.30 மணிக்கு. நாங்களே அந்த ஒரு மணி நேரத்தைக் காலியாக்கிக் கையில் கொடுத்திருக்கிறோம்.

தண்ணீர் ஊற்றுவதைக் காலையிலிருந்து மாலை 6-க்கு மாற்றினேன். இருவர் இருவராக முறை. குடிக்கத் தூண்டும் தவிப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணிக்குக் கையில் பூவாளி இருந்தால் போதும். கொட்டகைச் சாவியையும் அவர்களிடமே விட்டேன். “நான் பூட்டாம போனா நாளைக்கு யாருண்ணே திறப்பா?” என்றார் சறுக்கித் திரும்பிய ஒருவர். நாளுக்கு ஒரு முடிச்சு என்று சாவிக்கயிற்றில் போட்டு வருகிறார். நேற்று எண்ணினேன், 43. கயிறு போதாமல் இன்னொன்று கட்டியிருக்கிறார்.