கோ ஆட்ட நிரலில் சூப்பர்கோ: எங்கே சோதிப்பது, எங்கே விட்டுவிடுவது

கோ என்ற பலகை ஆட்டத்தில், ஒற்றைக் காயைப் பிடித்த காயை அடுத்த நகர்விலேயே திருப்பிப் பிடிக்கக் கூடாது என்ற எளிய விதிக்குத் தடைப்புள்ளி ஒன்றை நினைவில் வைத்தால் போதும். ஆனால் இப்படிப்பட்ட பிடிப்பு மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் நிற்கும்போது, ஆறே நகர்வில் பலகை பழையபடி ஆகிவிடும். எளிய விதி அதைத் தடுக்காது. ஜப்பானிய விதியில் அப்படிச் சுழலும் ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் கைவிடப்படும். டிராம்ப்-டெய்லர் விதியிலோ, முன்பு வந்த பலகையை மீண்டும் உண்டாக்கும் நகர்வே செல்லாது; இந்தத் தடைதான் சூப்பர்கோ.

இதைச் சோதிக்க, பலகை நிலையை ஒரே எண்ணாகச் சுருக்கும் சோப்ரிஸ்ட் ஹாஷ்தான் வழி. பலகையில் 361 புள்ளிகள், இரண்டு நிறம்: 722 ரேண்டம் எண்கள். காய் வைத்தாலும் எடுத்தாலும் அதற்குரிய எண்ணை எக்ஸ்-ஆர் செய்து, ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் வரும் ஹாஷைப் பட்டியலில் சேருங்கள். ஹேண்டிகேப் (பலம் குறைந்தவருக்கு முன்கூட்டியே தரும் காய்கள்) வைத்த தொடக்கப் பலகையையும் விடாதீர்கள். எண்கள் 64 பிட்டாக இருக்கட்டும். தேடலில் ஒரு கோடி நிலைகளை 300 பழைய நிலைகளோடு ஒப்பிட்டால் 300 கோடி ஒப்பீடு; 32 பிட்டில் மொத்தமே சுமார் 430 கோடி மதிப்புகள்தான். செல்லும் நகர்வு ஒன்று எப்போதாவது காரணமின்றித் தடைபடும், பிழையைத் தேடிக் களைத்துப்போவீர்கள்.

அமெரிக்க, நியூசிலாந்து விதிகளில் அடுத்து ஆடுபவர் யார் என்பதும் கணக்கு. ஹாஷில் அதற்கென ஓர் எண்ணைச் சேர்க்க வேண்டும். இரண்டு காய் கொடுத்து ஒன்றைத் திருப்பிப் பிடிக்கும் இடத்தில் வித்தியாசம் தெரியும்: டிராம்ப்-டெய்லரில் அந்தத் திருப்பிப் பிடித்தல் செல்லாது, இவற்றில் செல்லும். எதிராளி பாஸ் செய்தபின் மறுபடி இரண்டு கொடுக்கும்போதுதான் தடை. அந்த நகர்வில் பிடிப்பே இல்லை என்பதால், பிடிக்கும் நகர்வுகளை மட்டும் சோதிக்கும் நிரல் கோட்டை விடும். சரியான குறுக்குவழி வேறு: இதுவரை காயே விழாத புள்ளியில் வைத்த காய் பலகையில் நின்றால் சோதனை தேவையில்லை. பாஸைச் சோதிக்கவே கூடாது. பலகை மாறாததால் பாஸே தடையாகிவிடும்.

நகர்வுகளைக் கிளைகிளையாக ஆராயும் மரத்தேடலில் முழுச் சோதனை வையுங்கள். ஆட்டத்தை ரேண்டமாக இறுதிவரை ஆடிப்பார்க்கும் மான்டி கார்லோ ஓட்டங்களில் எளிய விதியே போதும், ஆனால் 1083 நகர்வு (361×3) போன்ற உச்சவரம்பு வேண்டும். இல்லாவிட்டால் மும்மடிச் சுழலில் ஓட்டம் முடியவே முடியாது.

தலைவலி, ஆராய்ந்த நிலைகளைச் சேமிக்கும் டிரான்ஸ்பொசிஷன் டேபிளில். ஒரே பலகைக்கு இரு வழிகளில் வந்தால் தடைப்பட்ட நகர்வுகள் வேறுபடலாம். மதிப்பீட்டைப் பகிருங்கள், செல்லும் நகர்வுகளின் பட்டியலைப் பகிராதீர்கள். நியூரல் நெட்வொர்க்கை நம்பியும் பயனில்லை. டீப்மைண்டின் கோ நிரலான ஆல்ஃபாகோ ஜீரோவுக்குத் தரப்பட்டது கடைசி 8 பலகைகள் மட்டுமே, சுழற்சி அதைவிட நீளலாம்.